மில் ஓடாத நாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் வருஷம், புனித வெள்ளியன்று ஒரு தோழி வீட்டுக்குக் காரில் வடக்கே கிளம்பினோம். மவுண்ட் எட்ஜ்கோம் நெருங்கியதும் வண்டி நகரவே இல்லை. சாலையோரம் முழுக்க மஞ்சள் புடவைகள். தலையில் பால்குடம், கையில் தேங்காயும் பூவும் கற்பூரமும் வைத்த தட்டு. ஒரு பையன் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஓடினான். கண்ணாடியை இறக்கி, என்ன விசேஷம் என்று ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். "மாரியம்மன் பிரேயர், கண்ணு. இன்னிக்கு குட் ஃப்ரைடே இல்ல?" என்றார்.

நான் ஆற்காடு பக்கத்துக்காரி. மாரியம்மனுக்கு ஆடி மாதம் என்று வளர்ந்தவள். ஏசுவைச் சிலுவையில் அறைந்த நாளில் அம்மனுக்குத் திருவிழாவா என்று மனசு ஒப்பவில்லை. கடல் கடந்து வந்தவர்கள் பஞ்சாங்கத்தைத் தொலைத்துவிட்டார்கள், யாராவது எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவோடு மூன்று வருஷம் இருந்தேன்.

பிறகு சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அம்மன் கோயில் கமிட்டியில் என்னையும் சேர்த்தார்கள். மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன், அதனால் மடைப்பள்ளிப் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் அழைப்பிதழ் எழுதும் வேலையும். அடுத்த வருஷத் திருவிழாவுக்குத் தேதி குறிக்கும் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பத்து நாள் திருவிழாவை ஈஸ்டரிலிருந்து ஆடிக்கு மாற்ற வேண்டும் என்றேன். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த குருக்களும் தலையசைத்தார். மற்றவர்கள் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. கிளம்பும்போது கமிட்டியில் மூத்தவரான ஒரு தாத்தா, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா பொண்ணு, ஒண்ணு காட்டணும்" என்றார்.

அவர் சர்க்கரை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள். அவருடைய பாட்டனார் வந்த கப்பலின் பயணிகள் பட்டியலில் ஒரு பக்கம், ஆவணக் காப்பகத்தில் நகல் எடுத்தது. முதலில் ஒரு எண். இங்கே வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் காலனி அரசு ஓர் எண் கொடுத்திருந்தது. அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசிக் கட்டத்தில் உடம்பில் உள்ள அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆற்காடு என்றிருந்தது. நான் பிறந்த ஜில்லா. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை 152,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குபேர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாசத்துக்கு 10 ஷில்லிங், அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. படித்த செய்திகள்தான் எல்லாம். ஆனால் அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் நின்று தாத்தா கேட்ட கேள்வியை நான் அதுவரை யோசித்ததே இல்லை. "நீ கூலிக்காரன். சாமி கும்பிடணும். எந்த நாள் கும்பிடுவே?"

இங்கே கரும்பு வெட்டும் பருவம் ஏப்ரலில் ஆரம்பித்து டிசம்பர் வரை ஓடும். வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சர்க்கரை குறைந்துவிடும், அதனால் பருவம் தொடங்கிவிட்டால் மில்லை இரவும் பகலும் ஓட்டுவார்கள். ஆடி என்பது அந்தப் பருவத்தின் நட்டநடு. ஆடியில் பத்து நாள் காப்புக் கட்டிக் கொடியேற்றிக் கும்பிட ஒரு கூலிக்காரனுக்கு யார் விடுப்புத் தருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் கூழ் ஊற்றி முடித்துவிடலாம். அதனால் கூழ் ஆடியிலேயே தங்கிவிட்டது, இன்றும் தங்கியிருக்கிறது. பெரிய திருவிழாவுக்கு மட்டும் வேறு நாள் தேட வேண்டியிருந்தது. வெள்ளைக்கார முதலாளி தன் சாமிக்காக மில்லை நிறுத்துகிற நாள் ஒன்று இருந்தது. வயலில் யாரும் சங்கு ஊத மாட்டார்கள்.

அந்த நாள் வெள்ளிக்கிழமை. அம்மனுக்கு உகந்த கிழமை. இன்னொன்றையும் தாத்தா விரல் விட்டுச் சொன்னார். கிறிஸ்துமஸ் போல ஈஸ்டருக்கு ஒரே தேதி கிடையாது. மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பிறகு வரும் பௌர்ணமியைப் பார்த்து, அதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிதான் புனித வெள்ளி. ஆக, முதலாளி தன் சாமிக்காக விட்ட அந்த விடுமுறை நிலாவைப் பார்த்து வருவது. பெரும்பாலான வருஷங்களில் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியே விழும். 2024-இல் பங்குனி உத்திரம் மார்ச் 25, புனித வெள்ளி மார்ச் 29. எல்லா வருஷமும் இப்படி அமையாது. 2022-இல் ஒரு மாசம் தள்ளிப் போனது. ஆனாலும் பங்குனி, சித்திரையில் தீமிதியும் தேரும் கண்டு வளர்ந்த ஜனங்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை அந்நியமான நாளாகத் தோன்றியிருக்காது.

பஞ்சாங்கத்தைத் தொலைத்தவர்கள் என்று நான் நினைத்தவர்கள், அனுமதிச் சீட்டும் அதிகாரமும் இல்லாத நிலைமையில், கிடைத்த நாளில் கிழமையையும் நிலாவையும் பொருத்திப் பார்த்து அம்மனுக்கு இடம் பிடித்திருக்கிறார்கள். அதை நான் தப்பு என்று கமிட்டியில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தாத்தா என்னைத் திட்டவில்லை. மாம்பழ ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினார்.

கூழ் விஷயம் இதற்கும் முன்னால் நடந்தது. இங்கே கூழுக்குக் கேழ்வரகு கிடையாது, மக்காச்சோள மாவு. மீலி மாவு என்பார்கள். தயிருக்குப் பதில் புளித்த பால், ஜூலு மக்கள் அமாசி என்று சொல்வது. வேப்பிலை இருக்கும் இடத்தில் சிரிங்கா மரத்தின் இலை. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம்தான், இலையும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும், ஆனால் பழம் விஷம். முதல் ஆடியில் நான் செய்த காரியம், இந்தியக் கடையில் 5 கிலோ கேழ்வரகு மாவு வாங்கிக்கொண்டு மடைப்பள்ளிக்குப் போனது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, மக்காச்சோளத்தில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை என்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் விளக்கினேன். சொன்னதில் தப்பில்லை. எண்கள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன.

அங்கே கூழ் காய்ச்சுவது ஓர் ஆயா. எங்கள் ஊரிலும் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம், சென்னையில் அப்படிச் சொன்னால் வீட்டு வேலைக்காரியையா சொல்கிறாய் என்பார்கள். டர்பனில் வந்து அந்தச் சொல்லைக் கேட்டபோது வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஆடி என்றால் இங்கே குளிர்காலம். விடிகாலை நாலு மணிக்கு ஆயா ஸ்வெட்டருக்கு மேல் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மூன்று கால் இரும்புப் பானையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாவை முதலில் தண்ணீரில் கரைத்துத்தான் கொதியில் விடுவார், நேராகக் கொட்ட மாட்டார். கட்டை அகப்பையைப் பானையின் அடிவரை செலுத்தி ஒரே திசையில் சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெரிய குமிழி எழும்பி 'பொளக்' என்று உடையும். அந்தச் சத்தம் மாறும்போது விறகை வெளியே இழுத்துவிடுவார். ஆறிய பிறகு புளித்த பால், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு.

என் கேழ்வரகுப் பையைப் பார்த்தார். "இத எங்க ஆயா பாத்ததே இல்ல கண்ணு. அவங்களுக்குத் தோட்டத்துல அளந்து போட்டது அரிசியும் மீலியும். கெடச்சதுல அம்மாவுக்கு ஊத்துனாங்க. இத நிறுத்திட்டு அத ஊத்துனா, அவங்க ஊத்துனது சாமிக்குச் சேரலேன்னு ஆயிடாதா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன், ஆனால் காரணம் முழுதாகப் புரிந்து வரவில்லை. எனக்குப் புரிய வைத்தது, என் தொழிலில் முதல் வருஷம் படித்த ஒரு பாடம்.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோவில் அதைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்து ஊற வைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி, அப்புறம்தான் அரைப்பார்கள். ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம். ஐரோப்பியர்கள் வந்தார்கள், சோளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். தோலை எடுக்கத்தானே இந்தப் பாடு, அதற்கு ஆலை இருக்கிறதே என்று நினைத்திருக்கலாம். 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் ஏழை விவசாயிகளிடம் ஒரு புது நோயைக் கண்டு எழுதினார். தோல் வெடித்துக் கருத்தது, வயிறு நிற்காமல் போனது, புத்தி பேதலித்தது, கடைசியில் சாவு. பெல்லக்ரா. இத்தாலியில் பரவியது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது, சோளத்தை மட்டுமே தின்று வாழ்ந்த தென்னாப்பிரிக்க ஏழைகளையும் விடவில்லை. தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். 1914-இல் இதைக் கையில் எடுத்த அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், சாப்பாட்டில்தான் குறை என்று காட்டினார். எந்தச் சத்து என்று 1937-இல் தெரிந்தது: நியாசின். மக்காச்சோளத்தில் அது இருக்கிறது, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது.

மெக்சிகோவில் ஒரு பெண்ணிடம் ஏன் சுண்ணாம்பு போடுகிறாய் என்று கேட்டிருந்தால், என் அம்மா போட்டாள் என்றுதான் சொல்லியிருப்பாள். நியாசின் என்று சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்குச் சொல்லத் தெரியாததால் காரணம் இல்லை என்று ஆகிவிடாது. அவளிடமிருந்து சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்கள் அந்தப் பிழைக்கு இருநூறு வருஷம் விலை கொடுத்தார்கள். (தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபர் முதல் கடையில் விற்கும் மக்காச்சோள மாவில் நியாசினும் இரும்பும் வேறு சில சத்துகளும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆயாவின் கூழ் அந்த வகையில் பத்திரம்தான்.)

இதைப் படித்துப் பரீட்சை எழுதி மார்க்கு வாங்கியவள் நான். ஆனாலும் என் நோயாளி ஒருவரிடம் அதே தப்பைச் செய்தேன்.

அறுபது வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. சர்க்கரை நோய், அதற்கு இரண்டு வேளை மாத்திரை. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம், ஒரு வேளை சாப்பாடு என்றார். விரதமெல்லாம் உங்களுக்கு ஆகாது அக்கா, விட்டுவிடுங்கள் என்றேன். ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள், அட்டவணையைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவரும் சரி என்று தலையாட்டினார்.

விரதத்தை விடவில்லை. மாத்திரையையும் விடவில்லை. என்னிடம் சொன்னால் திட்டு விழும் என்று சொல்லாமல் இருந்துவிட்டார். ஆறாம் நாள் காலையில் குளியலறையில் மயங்கி விழுந்து, இடது மணிக்கட்டு உடைந்து, எங்கள் மருத்துவமனைக்கே வந்தார். சர்க்கரை மிகவும் இறங்கிப் போயிருந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவரிடம் போய் உட்கார்ந்து அப்போதுதான் கேட்டேன். மகனுக்கு விபத்து நடந்து நினைவில்லாமல் கிடந்தபோது, பிழைத்தால் வருஷா வருஷம் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் பிழைத்துவிட்டான், இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். "கடன்மா அது. கடனைக் கட்டாதேன்னு நீ சொன்னா நான் எப்படிக் கேக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

அந்த ஒரு கேள்விக்கு முன்பே ஐந்து நிமிஷம் கொடுத்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார். அடுத்த வருஷம் தைக்கு ஒரு மாசம் முன்பே கூப்பிட்டுப் பேசினேன். டாக்டர் விரத நாட்களுக்கு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். காலையிலும் மாலையிலும் பாலும் பழமும் விரதத்துக்குள் அடங்கும் என்று கோயில் குருக்களே அவரிடம் சொன்னார். தினமும் சர்க்கரை பார்த்து மருமகள் எனக்குச் செய்தி அனுப்பினாள். காவடி எடுத்தார். இப்போது என் நோயாளிகளுக்கான தாளில் முதல் கேள்வியே விரதம் உண்டா, யாருக்காக என்பதுதான்.

எதையுமே மாற்றக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கேயே பெரிய மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. ஒப்பந்தக் காலத்தில் நேட்டால் அரசு இந்தியக் கூலிகளுக்கு மூன்று நாள் விடுப்புக் கொடுத்தது முஸ்லிம்களின் மொகரத்துக்கு மட்டும்தான். வெள்ளைக்காரர்கள் அதைக் கூலிக் கிறிஸ்துமஸ் என்று கேலியாகச் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் இந்துக்களும் கூண்டு (மொகர ஊர்வலத்தில் தூக்கிப் போகும் அலங்காரக் கோபுரம்) கட்டி, புலி வேஷம் போட்டு ஊர்வலம் போனார்கள். வேறு தோட்டத்தில் இருக்கும் அண்ணன் தம்பியை, ஒரே கப்பலில் வந்தவர்களை, பார்க்கக் கிடைத்த நாள் அதுதான். 1908-இல் இந்தியாவிலிருந்து வந்த ஆரிய சமாஜம் என்ற இந்துச் சீர்திருத்த இயக்கத்துச் சுவாமி சங்கரானந்தர் இந்துக்கள் மொகரத்துக்குப் போகக் கூடாது என்று பிரச்சாரம் செய்தார். போகாதே என்றதோடு அவர் நிற்கவில்லை. தீபாவளிக்கு விடுமுறை வேண்டும் என்று அதிகாரிகளிடம் போராடினார். 1912-இல் இந்து மகா சபை இங்கே உருவாக அவரே காரணம்.

சங்கரானந்தரின் எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடு கிடையாது. அண்டை வீட்டு முஸ்லிமோடு சேர்ந்து கூண்டு தூக்கியதில் ஒரு அழகு இருந்தது, அதை இழந்தது நஷ்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஜனங்கள் மொகரத்துக்குப் போவது விடுமுறைக்காகவும் கூடிச் சேர்வதற்காகவும்தான் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். அதை வேறு நாளில் தர வழி தேடினார். அதனால் அவர் பேச்சு எடுபட்டது. கால்சியக் கணக்கோடு மட்டும் மடைப்பள்ளிக்குப் போன எனக்கு எடுபடவில்லை.

எங்கள் கோயிலிலும் ஒன்று மாறியிருக்கிறது. திருவிழாச் சாப்பாட்டில் முதல் இரண்டு பந்தி ஆண்களுக்குத்தான், பெண்கள் மூன்று மணிக்கு மேல் ஆறிப்போன சோற்றைத்தான் சாப்பிடுவார்கள். எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆத்திரம். இந்தத் தடவை எழுந்து பேசுவதற்கு முன்னால் ஆயாவிடம் போய்க் கேட்டேன். "ஆம்பளைங்க மில்லுக்கு ஷிஃப்டு போவணும் கண்ணு. சங்கு ஊதுறதுக்குள்ள சாப்பிட்டாகணும். அதுக்குத்தான் முதல்ல போட்டோம்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். மவுண்ட் எட்ஜ்கோம் மில் மூடியே பல வருஷம் ஆகிறது. "இப்ப எவன் போறான் ஷிஃப்டுக்கு?" என்று அவரே கேட்டார். அடுத்த கமிட்டியில் எழுந்து பேசியது நான் இல்லை, ஆயாதான். போன ஈஸ்டரிலிருந்து முதல் பந்தி குழந்தைகளுக்கும், மாத்திரை சாப்பிடும் வயசானவர்களுக்கும், காலையிலிருந்து அடுப்படியில் நின்ற பெண்களுக்கும். ஒரு சில பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். தாத்தா பரிமாறும் வாளியைக் கையில் எடுத்ததும் அதுவும் நின்றது.

இந்த ஆடியில் ஆயாவே என்னைக் கூப்பிட்டார். அந்தப் பழைய கேழ்வரகு ஞாபகம் இருக்கிறதா, ஒரு சின்னச் சட்டியில் காய்ச்சிப் பெரிய பானைக்குப் பக்கத்தில் வை, அம்மா அதையும் பார்க்கட்டும் என்றார். நானும் காய்ச்சினேன், எங்கள் ஊர் வழக்கப்படி நொய் போட்டு, ராத்திரி கரைத்துப் புளிக்க வைத்த மாவில். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை வதக்கினேன். ஆயா ஒரு வாய் குடித்துவிட்டு, "கீரை எதுக்கு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாகக் கூழோடு முருங்கைக்கீரை சாப்பிடுகிறேன். அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "எப்பவும் அப்படித்தான்டி" என்றாள். நான் விடாமல் கேட்கவும், பெரியாயாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டாள். பெரியாயா சொன்னதை அப்படியே சொன்னாள்: "ஆடியில வீட்டுல என்னா இருக்கும்? இருந்த தானியமெல்லாம் வெதைக்குப் போயிடும். கையில காசு இருக்காது. வேலியில முருங்க மட்டும் தழைஞ்சு நிக்கும். ஒடிச்சுக்க வேண்டியதுதான்."

அதை ஆயாவிடம் சொல்ல அன்று மாலை நேராகக் கோயிலுக்குப் போனேன். கேட்டுவிட்டு, இரும்புப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதை நிறுத்தாமல், "எங்க வீட்டுப் பின்வேலியிலயும் ஒண்ணு நிக்குது. வர்ற வருஷம் அதுல ஒடிச்சுக்க" என்றார்.